ஞாயிறு மேடையில் பிரசங்கம்... திங்கள் காலை ஆட்டோ சவாரி! வாடகை கட்ட திண்டாடும் சின்ன சபை போதகர்கள்

சென்னை,

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர், ஆவடி, பெரும்பாக்கம்... சென்னையில் உழைக்கும் ஜனங்கள் இருக்கும் எந்த ஏரியாவுக்கு போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சத்தம் கேட்கும். கீபோர்டு, டிரம்ஸ், கைத்தட்டல், நடுவே கரகரத்துப்போன ஒரு மைக் குரல். மொட்டை மாடியில் தகர ஷெட் இருக்கும். இல்லாவிட்டால் கடை ஷட்டருக்கு உள்ளே பாய் விரித்திருப்பார்கள். வாசலில் 40, 50 ஜோடி செருப்பு கிடக்கும்.

அந்த வழியாக போகிறவர்கள் "பாஸ்டருக்கு என்னப்பா, நல்ல வசூல்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். டி.வி.யில் கோட்டு போட்டு பேசும் ஊழியர்களையும், அவர்கள் கார்களையும் பார்த்து பழகிய கண்ணுக்கு எல்லா போதகரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள்.

உள்ளே கதை வேறு. மறுநாள் திங்கட்கிழமை காலை, அதே பாஸ்டர் காக்கி சட்டை போட்டு ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பார். இல்லையென்றால் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி வேலை, எலக்ட்ரீசியன் வேலை, பெயிண்டிங் காண்டிராக்ட். மாதம் பிறந்தால் ஷெட் வாடகை, வீட்டு வாடகை என்று இரண்டு வாடகை கழுத்தை பிடிக்கும்.

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகை கணக்குப்படி கிறிஸ்தவர்கள் 44 லட்சத்து 18 ஆயிரம் பேர். நூற்றுக்கு 6 பேர். அவர்களில் பெரிய கோபுரம் வைத்த கோவிலுக்கு போகிறவர்கள் ஒரு பக்கம். இப்படி ஷெட்டில் கூடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம் எப்படி ஓடுகிறது? போதகர்கள் ஏன் மனசு ஒடிந்து போகிறார்கள்?

காணிக்கை பை கணக்கு

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். ஞாயிறு ஆராதனைக்கு 60 பேர் வருகிற சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பேர் பிள்ளைகள். மிச்சம் 40 பேர் ஆளுக்கு 20 ரூபாய் பையில் போட்டால் 800 ரூபாய். நாலு ஞாயிற்றுக்கும் சேர்த்து 3 ஆயிரத்து 200.

தசமபாகம் என்று ஒன்று இருக்கிறது. சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கை சபைக்கு கொடுப்பது. 60 பேர் சபையில் மாதாமாதம் தவறாமல் இதை கொடுக்கும் குடும்பம் 6 இருந்தாலே பெரிய விஷயம். ஆளுக்கு ஆயிரம் என்றால் 6 ஆயிரம். பிறந்தநாள் காணிக்கை, ஸ்தோத்திர காணிக்கை எல்லாம் ஒரு 1,500. ஆக மொத்தம் 10 ஆயிரத்து 700 ரூபாய்.

இப்போது செலவு. ஷெட் வாடகை 7 ஆயிரம். கரண்டு 1,100. கேன் தண்ணீர், மைக் ரிப்பேர், பிளாஸ்டிக் சேர் மாற்றுவது 600. திருவிருந்துக்கு அப்பம், திராட்சை ரசம் 300. இதற்கே 9 ஆயிரம் போய்விட்டது. கையில் மிச்சம் 1,700 ரூபாய். அதுதான் பாஸ்டருக்கு "சம்பளம்". இன்றைக்கு அதில் கியாஸ் சிலிண்டர் வாங்கி, அரிசி வாங்கினால் முடிந்தது.

கரண்டு பில்லில் ஒரு சின்ன கொடுமை உண்டு. வழிபாட்டு தலங்களுக்கு என்று மின்வாரியத்தில் தனி கட்டண பிரிவு இருக்கிறது. ஆனால் கடை கட்டிடத்தில் வாடகைக்கு இருக்கும் சபையின் மீட்டர், கடை மீட்டராகவே இருக்கும். இரண்டு டியூப் லைட்டுக்கும் நாலு பேனுக்கும் வணிக ரேட்டு. மாற்றித்தர வேண்டுமானால் வீட்டுக்காரர் எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் எதற்கு எழுதிக்கொடுக்க போகிறார்?

சென்னை வழக்கப்படி அட்வான்சு 10 மாத வாடகை. 7 ஆயிரம் வாடகை என்றால் 70 ஆயிரம். மனைவி தாலி, கம்மல் அடகு கடைக்கு போன சபைகள் ஏராளம். காலி செய்யும்போது "சுவத்துல ஆணி அடிச்சிட்டீங்க, வெள்ளை அடிக்கணும்" என்று அதிலும் பிடித்துக்கொள்வார்கள்.

மழைக்காலம் வந்தால் இந்த கணக்கும் உடைந்துபோகும். சபையில் இருப்பவர்கள் கொத்தனார், சித்தாள், வீட்டு வேலை செய்பவர், மீன் விற்பவர். ஐப்பசி, கார்த்திகையில் அவர்களுக்கே வேலை கிடையாது. காணிக்கை பையில் 10 ரூபாய் காயின் சத்தம்தான் கேட்கும். கியூ.ஆர். கோடு அட்டை ஒட்டி வைத்தாலும் இதே கதைதான். அந்த மாதம் சபை மக்கள் பாஸ்டரிடம் கைமாற்று கேட்டு வருவார்கள் என்பதுதான் வேடிக்கை. குழு கடன் தவணை கட்ட 500 ரூபாய் இருக்குமா பாஸ்டர் என்று கேட்கும் அக்காவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா?

சி.எஸ்.ஐ. ஐயருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் பலருக்கு குழப்பம். கத்தோலிக்க சாமியாருக்கு குடும்பம் கிடையாது. மறைமாவட்டம் பார்த்துக்கொள்ளும். சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்திய திருச்சபை 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவானது. அதில் குருவானவர்களுக்கு பேராயம் சம்பளம் நிர்ணயிக்கும், வீடு கொடுக்கும், சில வருஷத்துக்கு ஒரு தடவை இடமாற்றம் செய்யும். வசதியான சேகரம் கட்டும் பணத்தில் வசதியில்லாத சேகரமும் சேர்ந்து பிழைக்கும். அங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. தேர்தல், கோர்ட்டு என்று அது தனிக்கதை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று உண்டு.

தனி சபை போதகருக்கு மேலே பேராயமும் இல்லை, பின்னால் சங்கமும் இல்லை. அவரே ஆரம்பித்தார், அவரே நடத்துகிறார், அவரே கடன்காரர். வேதாகம கல்லூரியில் படித்தவரும் உண்டு. குடியை விட்டு, மனம் மாறி, "எனக்கு அழைப்பு இருக்கிறது" என்று மில் வேலையை விட்டுவிட்டு வந்தவரும் உண்டு. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்வதை "விசுவாச வாழ்க்கை" என்கிறார்கள். பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற பழைய அமைப்புகளிலும் ஊழியர்களுக்கு சம்பளம் கிடையாது. ஆனால் அவர்கள் கல்யாணம் செய்யாமல், விசுவாச வீடு என்ற ஒரே கூரையின் கீழ் கூட்டாக வாழ்கிறார்கள். பள்ளிக்கூட பீஸ் கட்ட வேண்டிய பிள்ளைகள் இருக்கிற பாஸ்டர் அதே விசுவாச வாழ்க்கையை வாழ்ந்தால், பாதி பாரம் மனைவி தலையில்தான் விழும்.

ஏழைகளால் சபையை தாங்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. திருநெல்வேலி பக்கம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை தனி கலயத்தில் போட்டு வைத்து சபைக்கு கொடுப்பார்கள். பிறகு அறுப்பின் பண்டிகை, அசன பண்டிகை. பனையேறிகளும் விவசாய கூலிகளும் கொடுத்த காசில் ஊர் ஊருக்கு உபதேசியார் வைத்தார்கள். அதே மண்ணில் 1903-ம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, வெளியூருக்கே ஊழியர்களை அனுப்பினார்கள்.

அங்கே ஊர் முழுக்க ஒரே சபை. இங்கே ஒரே தெருவில் மூன்று சபை. ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை, தனி மைக், தனி கீபோர்டு. வித்தியாசம் அங்கே இருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரே ஷெட்டை காலை, மதியம், மாலை என்று பிரித்துக்கொண்டால் வாடகை மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். ஆனால் யார் காலை நேரம் எடுப்பது என்று சண்டை வந்துவிடுமே!

லாரியில் ஏறிப்போன சபை

சென்னை போதகர்களுக்கு மட்டும் வரும் ஒரு அடி இருக்கிறது. அது குடிசை மாற்றம்.

கூவம் கரை, அடையாறு கரை குடிசைகளில் இருந்த ஜனங்களை 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், 2004 சுனாமிக்கு பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்கு பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். காலையில் ஜே.சி.பி. வரும், மதியம் லாரியில் சாமான் ஏறும். 15 வருஷமாக ஒரு ஆளாக சேர்த்த சபையில் பாதி பேர் ஒரே வாரத்தில் 20, 25 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடுவார்கள். ஷெட் வாடகை மட்டும் இங்கேயே நிற்கும்.

போதகர் என்ன செய்வார்? அங்கே போனால் இங்கே மிச்சம் இருப்பவர்கள் அழுவார்கள். இங்கே இருந்தால் அங்கே போனவர்கள் "எங்களை மறந்துட்டீங்களே" என்பார்கள். இரண்டு இடத்திலும் ஆராதனை வைத்து, டூவீலரில் காலை இங்கே, மாலை அங்கே என்று ஓடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் காசு யார் கொடுப்பது?

2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண கட்டண பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனது. அதனால் பழைய சபைக்கு பஸ் ஏறி வரும் அக்காமார்கள் உண்டு. வீட்டுக்காரருக்கு டிக்கெட் உண்டே! அவர் வீட்டிலேயே படுத்துவிடுகிறார். சபையில் பெண்கள் பக்கம் நிறைந்து, ஆண்கள் பக்கம் காலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றால் சிரிப்பீர்கள்.

ஏ.சி. ஹாலுக்கு போன ஆட்டுக்குட்டி

ஆஸ்பத்திரியில் ராத்திரி 2 மணிக்கு கூட உட்கார்ந்தவர், குடித்துவிட்டு அடித்த புருஷனை சமாதானம் பேசியவர், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவர், பையனுக்கு வேலை கேட்டு அலைந்தவர் இந்த பாஸ்டர்தான். பையனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பம் கொஞ்சம் தலையெடுத்ததும் என்ன ஆகும்? பெரிய சபைக்கு போய்விடுவார்கள். அங்கே ஏ.சி. ஹால், எல்.இ.டி. திரை, கார் பார்க்கிங், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சண்டே கிளாஸ். "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க பாஸ்டர், பசங்க ஆசைப்படுறாங்க" என்று ஒரு வார்த்தை. சிலர் அதையும் சொல்வதில்லை. நாலு ஞாயிறு நாற்காலி காலியாக கிடக்கும்போதுதான் தெரியும்.

காசு போனது ஒரு வலி. அதைவிட பெரிய வலி, தான் தூக்கி வளர்த்த பிள்ளை ரோட்டில் பார்த்தும் பார்க்காதது மாதிரி போவது. போதகர்கள் நாலு பேர் கூடினால் இதைத்தான் பேசுவார்கள். "ஆட்டை திருடிட்டான்" என்று இன்னொரு பாஸ்டரை திட்டுவதும் நடக்கும்.

உள்ளுக்குள்ளேயே பிளக்கிற கதையும் உண்டு. பாட்டு பாடுகிற பையன் நன்றாக வளர்வான். ஜனங்கள் கைதட்டுவார்கள். ஒருநாள் கீபோர்டையும் 5 குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் போர்டு மாட்டிவிடுவான். "அந்த பாஸ்டர் கணக்கு காட்ட மாட்டேங்குறாரு" என்பான்.

இதில் போதகர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். பல சபைகளில் வரவு-செலவு நோட்டு என்பதே கிடையாது. காணிக்கை பை நேராக பாஸ்டர் வீட்டுக்கு போகும். சபை பணம், வீட்டு பணம் எல்லாம் ஒரே பர்சு. வங்கி கணக்கும் அவர் பெயரில், வாங்கிய ஒன்றரை கிரவுண்டு மனையும் அவர் பெயரில். அவர் கண்ணை மூடினால் மனைக்கு வாரிசு சண்டை, சபைக்கு பூட்டு. பதிவு செய்த டிரஸ்டு, டிரஸ்டு பெயரில் பான் கார்டு, வங்கி கணக்கு, சபையில் இரண்டு பேர் எண்ணி கையெழுத்து போடும் நோட்டு, மாதம் முதல் ஞாயிறு கணக்கு வாசிப்பது... இவ்வளவுதான் தேவை. 1,700 ரூபாய்தான் மிச்சம் என்பதை ஜனங்கள் காதால் கேட்டால், "நல்ல வசூல்" என்ற பேச்சு சபைக்குள்ளேயாவது அடங்கும். கேட்ட பிறகு 20 ரூபாய் போடுகிறவர் 50 போடவும் செய்வார்.

கல்யாணம் அங்கே, கண்ணீர் இங்கே

சின்ன பாஸ்டருக்கு மரியாதை குறைவதற்கு சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. கிறிஸ்தவ கல்யாணத்தை யார் நடத்தலாம் என்று 1872-ம் ஆண்டு இந்திய கிறிஸ்தவ திருமண சட்டம் சொல்கிறது. பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்த குருக்களுக்கு பிரச்சினை இல்லை. மற்ற போதகர்கள் அரசாங்கத்திடம் அதற்கு லைசென்சு வாங்க வேண்டும். ஷெட் பாஸ்டர்களில் பலரிடம் அது கிடையாது. அவர் நடத்தி வைத்தால் பாட்டும் ஜெபமும் இருக்கும், சட்டப்படி சர்டிபிகேட் இருக்காது.

பாஸ்போர்ட், வங்கி என்று எல்லாவற்றுக்கும் திருமண சர்டிபிகேட் கேட்கிற காலம். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி திருமண பதிவு கட்டாயம். அதனால் பெண் வீட்டார் லைசென்சு உள்ள பெரிய சபைக்கு போகிறார்கள். ஞானஸ்நானம் கொடுத்து, பெண்ணுக்கு வரன் பார்த்து கொடுத்த பாஸ்டர் கல்யாணத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். கல்யாண காணிக்கையும் அங்கேயே போய்விடும்.

சாவு வீட்டில் இன்னும் கஷ்டம். கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளை மெட்ராஸ் செமட்ரீஸ் போர்டு பராமரிக்கிறது. அங்கே இடம் என்பது குதிரைக்கொம்பு. குடும்ப கல்லறை உள்ளவர்கள் அதையே மறுபடி திறந்து அடக்கம் செய்கிறார்கள். ஷெட் சபைக்கு வந்த முதல் தலைமுறை கிறிஸ்தவனுக்கு குடும்ப கல்லறை எங்கே இருக்கும்? உடலை வீட்டில் வைத்துக்கொண்டு, பாஸ்டர் போனும் கையுமாக தெரிந்த ஐயர், தெரிந்த கவுன்சிலர் என்று அலைவார். ஊர் பொது சுடுகாட்டுக்கு கொண்டுபோனால் "நீங்கதான் மதம் மாறிட்டீங்களே" என்று வாசலில் நிறுத்துவதும் சில இடங்களில் நடக்கிறது. சொந்தக்காரர்கள் கோபம் எல்லாம் அப்போது பாஸ்டர் மேல்தான் திரும்பும்.

"என் பேரை நோட்டுல எழுதாதீங்க பாஸ்டர்"

60 பேர் வரும் சபையில் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து பார்த்தால் 15 பேர்தான் இருப்பார்கள். ஏன்?

1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி, தாழ்த்தப்பட்ட வகுப்பை சேர்ந்தவர் கிறிஸ்தவராக மாறினால் எஸ்.சி. அந்தஸ்து போய்விடும். சீக்கியருக்கு 1956-லும், புத்த மதத்தினருக்கு 1990-லும் விலக்கு கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு கிடையாது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு பி.சி. சர்டிபிகேட்தான். மகளுக்கு உதவித்தொகை, பையனுக்கு அரசு வேலை, விடுதி எல்லாம் ஒரு சர்டிபிகேட்டில் தொங்குகிறது. அதனால் மனசு ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம்.

புதுச்சேரி பெண் ஒருவர் அரசு வேலைக்காக எஸ்.சி. சர்டிபிகேட் கேட்ட வழக்கில் 2024-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்கு போய்க்கொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று அவர் மனுவை தள்ளிவிட்டது. அந்த செய்திக்கு பிறகு சபைகளில் பயம் கூடிவிட்டது. பெயர் எழுத பயம், போட்டோவில் நிற்க பயம், காணிக்கைக்கு ரசீது வாங்க பயம். ஆள் கணக்கு காட்ட முடியாத சபை யாரிடம் போய் கல்லறை இடம் கேட்கும், எந்த ஆபீசில் போய் மனு கொடுக்கும்? உறுப்பினரையும் குறை சொல்ல முடியாது. வயிற்று பிரச்சினை.

கட்டிடம் கட்டலாமா?

சரி, வாடகை கொடுத்து மாளவில்லை, சொந்தமாக கட்டலாம் என்றால் அது அடுத்த மலை. வழிபாட்டு கட்டிடம் கட்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். கட்டிட விதிகள் இதை சொல்கின்றன. போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை, அக்கம்பக்கத்து ஆட்சேபனை என்று பைல் சுற்றும். வருஷக்கணக்கில் சுற்றும். பொறுமை இழந்து வீடு என்று பிளான் வாங்கி ஆராதனை நடத்துவார்கள். யாராவது ஒரு புகார் கொடுத்தால் சீல். கடன் வாங்கி போட்ட செங்கல் அப்படியே நிற்கும்.

இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய கோவிலுக்கே 1847-ல் தொடங்கி 1880 வரை 33 வருஷம் பிடித்தது. அவருக்கு சங்கத்தின் பலம் இருந்தது. நம்ம பாஸ்டருக்கு இருப்பது அடகு சீட்டு மட்டும்.

பழுதுபார்க்க தமிழக அரசு நிதி கொடுக்கிறதே என்பார்கள். உண்மைதான், கொடுக்கிறது. ஆனால் சொந்த கட்டிடமாக, முறைப்படி பதிவு ஆனதாக இருக்க வேண்டும். கட்டி 10 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டு பணம் வாங்கியிருக்க கூடாது. வாடகை ஷெட்டுக்கு அந்த கதவு திறக்காது.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் ஒரு சபை மேல் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மற்றவர் நிம்மதியை கெடுத்து மைக் வைத்து, மேளம் அடித்து ஜெபம் செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி கோர்ட்டு சொல்லிவிட்டது. குடியிருப்பு பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. 60 பேருக்கு பாக்ஸ் ஸ்பீக்கர் எதற்கு என்று நமக்கும் புரியவில்லை. வெளியே ஸ்பீக்கர் வைக்காத சபைக்கு பாதி புகார் வராது. மைக் ரிப்பேர் காசும் மிச்சம்.

"வெளிநாட்டு பணம் வருதாமே!"

டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசிடம் எப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். பதிவு கேட்கிற அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கி, கடைசி 3 நிதியாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்டியிருக்க வேண்டும். மாதம் 9 ஆயிரம் செலவு செய்யும் சபைக்கு 15 லட்சம் எங்கே? முன்பு பெரிய அமைப்புகள் வாங்கி, கிராம சபைகளுக்கு கொஞ்சம் பிரித்து கொடுத்தன. 2020 செப்டம்பரில் சட்டத்தை திருத்தி, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதையே தடை செய்துவிட்டார்கள். சின்ன சபைக்கு வரும் "வெளிநாட்டு பணம்" என்பது பெரும்பாலும் துபாய், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சபை பையன் அவன் அம்மாவுக்கு அனுப்பியதில், அந்த அம்மா கொடுக்கும் தசமபாகம்தான்.

கொரோனா போட்ட பூட்டு

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டு தலங்களும் திறக்க செப்டம்பர் 1 ஆனது. ஐந்து மாதம் காணிக்கை பையே எடுக்கவில்லை. வாடகை மட்டும் மாதாமாதம் ஏறியது. அட்வான்சில் கழித்து, அட்வான்சும் தீர்ந்து, ஷெட்டை காலி செய்த சபைகள் பல.

2021-ல் இன்னொரு சோதனை. ஆகஸ்டில் கூட்டத்தை குறைக்க வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டு தலங்களை மூட சொன்னார்கள். அக்டோபர் 14-ல்தான் அது நீங்கியது. ஞாயிறு ஒரு நாளை நம்பி இருக்கும் சபைக்கு அது வாரம் பூரா பூட்டு போட்ட மாதிரி. ஜூம், யூ டியூப் என்று பெரிய சபைகள் சமாளித்தன. நம்ம ஆட்களுக்கு டேட்டா கார்டு தீர்ந்துவிடும். அப்போது வீட்டில் உட்கார்ந்து பெரிய சபை பிரசங்கத்தை பார்க்க பழகியவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

பாஸ்டரம்மாவின் தையல் மெஷின்

இவ்வளவுக்கும் நடுவில் வீடு ஓடுவது பாஸ்டரம்மாவால்தான். ஞாயிறு பிள்ளைகளுக்கு கிளாஸ் எடுப்பார், ஷெட் பெருக்குவார், வந்தவர்களுக்கு டீ போடுவார், மிச்ச நாளில் பிளவுஸ் தைப்பார். நல்ல புடவை கட்டினால் "காணிக்கை காசு" என்பார்கள். பழைய புடவை கட்டினால் "ஆசீர்வாதம் இல்லை" என்பார்கள். பாஸ்டர் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். பீஸ் கட்டாததால் கிளாசுக்கு வெளியே நிற்கிற பிள்ளை, ஞாயிறு அன்று முன்வரிசையில் சிரித்த முகமாக பாட வேண்டும்.

வேலைக்கு போகிற பாஸ்டரை சபையில் சிலர் மட்டமாக பேசுவது உண்டு. "விசுவாசம் இல்லையா?" என்று கேட்பார்கள். பவுல் அப்போஸ்தலர் கூடாரம் தைத்து சம்பாதித்தார் என்பது வேதத்திலேயே, அப்போஸ்தலர் நடபடிகள் 18-ம் அதிகாரத்தில் இருக்கிறது. கேட்கிறவர்கள் தசமபாகம் கொடுக்கிற ஆட்களாக இருக்க மாட்டார்கள் என்பது தனி.

மனசு விட்டு அழ ஆள் இல்லை என்பதுதான் இவர்களில் பலருக்கு பெரிய குறை. சபைக்கு சொன்னால் சபை பயந்துவிடும். மனைவியிடம் சொன்னால் அவருக்கு ஏற்கனவே பாரம். இன்னொரு பாஸ்டரிடம் சொன்னால் நாளைக்கு தெரு பூரா தெரியும். ஒரே ஏரியாவில் உள்ள நாலைந்து போதகர்கள் மாதம் ஒருமுறை திங்கட்கிழமை கூடி ஜெபித்து, மனம்விட்டு பேசும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கே மட்டும் கொஞ்சம் மூச்சு விடுகிறார்கள்.

வயசானால்?

பி.எப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, பென்ஷன் கிடையாது. 60 வயசில் குரல் போனால் சபையும் போகும்.

இவர்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள், வருமான வரி கட்டாதவர்கள், வங்கியில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60-க்கு மேல் மாதம் ஆயிரம் முதல் 5 ஆயிரம் வரை பென்ஷன். முதல்-அமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு மதம், ஊழியம் எதுவும் தடை இல்லை. குடும்ப ஆண்டு வருமானம்தான் கணக்கு. தேவாலயங்களில் வேலை செய்யும் உபதேசியார்கள், பணியாளர்களுக்கு தமிழக அரசு நலவாரியமும் அமைத்திருக்கிறது. கலெக்டர் ஆபீசில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். "ஆண்டவர் பார்த்துப்பார்" என்று சொல்லி இந்த பாரத்தை கூட நிரப்பாமல் இருக்கும் போதகர்களை பார்த்தால் கோபம்தான் வருகிறது. பாஸ்டரம்மா பேரிலாவது போடுங்கள் ஐயா.

இப்போதைக்கு இவர்களுக்கு தெரிந்த ஒரே போனஸ் டிசம்பர். பத்து, பன்னிரண்டு பேர் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தோடு ராத்திரி வீடு வீடாக கேரல் பாடி போவார்கள். கதவு திறந்த வீட்டில் டீயும் 100, 200 ரூபாயும் கிடைக்கும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வருஷம் பூரா வராதவர்களும் வந்து, வாக்குத்தத்த அட்டை வாங்கிக்கொண்டு காணிக்கை போடுவார்கள். பெரிய சபைக்கு போன குடும்பங்களிலும் சிலர் அன்றைக்கு மட்டும் பழைய ஷெட்டுக்கு எட்டிப்பார்ப்பது உண்டு. ஜனவரி 1-ந்தேதி விடியற்காலை, சேர்களை அடுக்கிவிட்டு பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் பையை பிரித்து எண்ணுவார்கள். 5-ந்தேதி வாடகைக்கும், பாக்கி நின்ற இரண்டு மாதத்துக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் கம்மலை மீட்க அடகு கடைக்கு போவார்கள்.